டேப்பட் கொஞ்சம் பேச வேண்டும்

ஏப்ரல் 28, ஞாயிறு

இந்த டைரி நூல் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. நான்கு மாதமாக அரிசி டப்பாவுக்கு மூடியாக உழைத்தது. இன்று தாரணி அதைத் துடைத்து என் கையில் கொடுத்து, “காருக்கு என்ன பண்றீங்களோ அன்னன்னைக்கு இதுல எழுதி வெய்ங்கப்பா. போன தடவ எந்த ஸ்குரூவ எங்க கழட்டுனீங்கன்னு உங்களுக்கே தெரியல” என்றாள். உண்மைதான். போன தடவை வேலை முடிந்தபோது இரண்டு ஸ்குரூ மிச்சம் இருந்தது. கம்பெனிக்காரன் தாராளமாகக் கொடுத்திருக்கிறான் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

தாரணி என் ஒரே மகள். எம்.எஸ்சி. கணக்கு, பி.எட். ஏற்காட்டில் விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் 3 காலை பத்து மணிக்குள் சேர வேண்டும். நான் பத்தாவது. அதிலும் கணக்கில் முப்பத்தாறு. அந்த முப்பத்தாறு இவளிடம் போய் எப்படி இப்படிப் பெருகியது என்று எனக்கு விளங்கவில்லை.

வேலை உத்தரவு வந்த அன்று, வாயில் மைசூர்பாகு இருக்கும்போதே, “என் கார்லதான் கொண்டுபோய் விடுவேன்” என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரி கோகிலம் தட்டைக் கீழே வைத்தாள். “அந்தக் கார்லயா?” என்றாள். அந்த ஒரு ‘அந்த’வில் இருபது வருஷத்து வழக்கு முழுவதும் இருந்தது.

கடைசியில் இப்படி ஒப்பந்தம்: மே 30-க்குள் கார் ஏற்காடு மலையை ஒரு தடவை நிற்காமல் ஏறிக் காட்ட வேண்டும். ஏறாவிட்டால் டாக்சி.

நான் சம்மதித்தேன். ஏறும்.

ஏப்ரல் 29, திங்கள்

காரின் ஜாதகம். கையேடு ஆங்கிலத்தில் இருப்பதால் தாரணி படிக்க நான் எழுதியது.

1993 மாடல், பெட்ரோல். நான்கு சிலிண்டர். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் சி.சி.; சொச்சம் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. ஐம்பத்திரண்டு குதிரைச் சக்தி. கார்புரேட்டர் ஒன்று, கியர் நான்கு. பிளக்கில் பொறி வரும் வரிசை 1-3-4-2. பிளக் இடைவெளி 0.7 மில்லி மீட்டர். டேப்பட் இடைவெளி, பெட்ரோல் உள்ளே வரும் வால்வுக்கு 0.25, புகை வெளியே போகும் வால்வுக்கு 0.30. என்ஜின் ஆயில் மூன்றரை லிட்டர். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும்.

ஐம்பத்திரண்டு குதிரையில் இப்போது முப்பது உயிரோடு இருந்தால் அதிகம்.

தெர்மோஸ்டாட் என் காரில் கிடையாது. என்ஜின் சூடேறியது தெரிந்த பிறகுதான் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் சின்ன வால்வு அது. எங்கள் குமாரபாளையம் வெயிலுக்கு அது எதற்கு என்று ஊரில் எல்லாரும் பிடுங்கிப்போட்டார்கள். நானும் பதினைந்து வருஷம் முன்பு பிடுங்கிவிட்டேன். தாரணி பேனாவைக் கடித்துக்கொண்டு, “சூட்டக் கண்டுபிடிக்கற சாமானையே கழட்டி வீசிட்டா, சூடு இருக்கறது அதுக்கு எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டாள். படித்த பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது கேட்கும்.

இந்த மாதிரி பழைய என்ஜின்களுக்கு வரும் நோய்களையும் எழுதிக்கொள்கிறேன். வெயிலில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். கார்புரேட்டர் ஓட்டையில் தூசி அடைக்கும். பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயிண்ட் கருகும். மேல் மூடியில் ஆயில் கசியும். டேப்பட் தளரும். இதில் எதுவும் என் காருக்கு இல்லை என்று எழுத ஆசைதான்.

மே 1, புதன்

மே தினம். தறிப்பட்டறை லீவு.

பட்டறையில் நான் ஃபிட்டர். இருபத்துநாலு விசைத்தறி ஓடும் ஷெட். பதினாறு வயதில் நுழைந்தேன், இப்போது ஐம்பத்துநாலு. வாசலில் நின்றபடியே எந்தத் தறி நொண்டுகிறது என்று சொல்லிவிடுவேன். முதலாளி வெளியூர்க்காரர்களிடம் என்னைக் காட்டி, “இவரு காதே காது” என்பார். என்னிடம் வேறு பெருமை ஒன்றும் இல்லாததால் இதைக் கொஞ்சம் அதிகமாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிளக் நான்கையும் கழற்றித் துடைத்தேன். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தேன். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினேன். திரும்பப் பூட்டியதில் மிச்சம் எதுவும் இல்லை. முன்னேற்றம்.

எங்கள் மெக்கானிக் மாதேஷ் பென்னாகரம் போய்விட்டான். மாரியம்மன் பண்டிகை, கூடவே தம்பி வீடு கட்டுகிறான். இருபத்தைந்து தேதிக்கு மேல்தான் வருவானாம். வரட்டும். அதற்குள் நான் முடித்திருப்பேன்.

மே 5, ஞாயிறு

இன்று டேப்பட். சந்தோஷமான நாள்.

கேம் உருளை தள்ள, நெம்புகோல் ஒன்று சாய்ந்து வால்வை அழுத்தும். அந்த நெம்புகோலுக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் இடைவெளிதான் டேப்பட் இடைவெளி. தலைமுடி மூன்று நான்கு சேர்த்த கனம். மாதேஷுக்குப் போன் போட்டோம். தாரணி ஸ்பீக்கரில் வைத்து என் முகத்தருகே பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்ணா, பில்லர் கேஜ் இருக்குதுங்களா?”

விசிறி மாதிரி விரியும் மெல்லிய தகடுகள். இடைவெளியில் செருகி அளப்பது. என்னிடம் இருந்தது. துருப்பிடித்துத் தகடெல்லாம் ஒட்டி ஒரே தகடாகிவிட்டது.

“இல்லப்பா. காது இருக்குது.”

“அதுஞ்செரி. உங்க காதுக்கு மேலயா கேஜு? டேப்பட் கொஞ்சம் பேசோணுமுங்ணா. சன்னமா, டிக் டிக்குன்னு. பேசலீன்னா டைட்டா இருக்குதுன்னு அர்த்தம், வால்வு எரிஞ்சு போயிரும். ரொம்பப் பேசுனாலும் ஆகாது, மலையேறாது.”

மேல் மூடியைக் கழற்றி எட்டு வால்வையும் பார்த்தேன். ஸ்டார்ட் செய்தேன். டேப்பட் பேசவே இல்லை. பயந்துவிட்டேன், இத்தனை நாள் வால்வு எரிந்துகொண்டா இருந்தது? அணைத்து, எட்டு ஸ்குரூவையும் கொஞ்சம் தளர்த்தினேன். ஸ்டார்ட். ஊமை. இன்னும் கொஞ்சம். மறுபடி ஊமை. நான்காவது தடவை வந்தது பாருங்கள், சன்னமாக, பதமாக, மாதேஷ் சொன்ன அதே டிக் டிக். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

கண்ணைத் திறந்தால் கோகிலம் கரண்டியோடு வாசலில் நிற்கிறாள், தாரணி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

“அப்பா, சத்தம் ஜாஸ்தியா இல்லீங்களா?”

“கண்ணு, நீ கணக்கப் பாரு. இது காது விசயம்.”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கரண்டியைப் பார்த்தாள்.

மே 7, செவ்வாய்

எதிர்வீட்டு நல்லம்மாள் அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, “ஏந்தம்பி, ஊட்டுக்குள்ள தறி போட்டுட்டீங்களா? கரண்டு ஆபீசுல எழுதிக் குடுத்தாச்சா?” என்றார். கார் வைத்திருப்பவனைப் பார்த்தால் இந்தத் தெருவுக்கு ஆகாது.

மே 9, வியாழன்

மைலேஜ் குறைகிறது. இழுவையும் குறைகிறது. பெட்ரோல் மேல் சந்தேகம்.

மே 12, ஞாயிறு

சங்ககிரி வரை ஓட்டிப் பார்த்தேன். ஏற்றம் வந்தால் கார் யோசிக்கிறது. மூன்றாம் கியரில் போக வேண்டிய இடத்தில் இரண்டு கேட்கிறது. ஒரு மினி பஸ் பின்னாலிருந்து ஹாரனே அடிக்காமல் உரசிக்கொண்டு போனான். டிரைவர் திரும்பிப் பார்த்து என்னைத் திட்டினான். ஹாரன் அடிக்காதவனுக்குக் கோபம் வேறு.

வரும் வழியில் எதிரே வந்தவர்கள் நாலைந்து பேர் கையைக் காட்டினார்கள். பழைய காருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று நானும் எல்லாருக்கும் கையைக் காட்டினேன். வீட்டில் வந்து பார்த்தால் இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருக்கிறது. சங்ககிரியிலிருந்தே எரிந்திருக்கிறது. முன்பெல்லாம் டிக் டிக் என்று தானே ஞாபகப்படுத்தும். அதுவும் கெட்டுவிட்டது போல. ரிலே மாற்ற வேண்டும்.

இந்த வருஷம் எங்கள் வேப்பமரத்தில் குயிலே கூவவில்லை. வெயில் அப்படி.

மே 15, புதன்

காருக்குச் செய்ய எதுவும் இல்லை. சும்மா எழுதுகிறேன்.

கோகிலம் இப்போதெல்லாம் கத்துவதே இல்லை. சமையலறையிலிருந்து கூப்பிட மாட்டாள். நேரே வந்து, எதிரில் நின்று, என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். சாப்பிட வரச் சொன்னால்கூடக் கையால் தறி ஜாடை காட்டுகிறாள். வயதாக ஆக எவ்வளவு பக்குவம்.

தறி ஜாடை என்றால் வெளியாட்களுக்குத் தெரியாது. தறி ஓடும் ஷெட்டில் வாயால் பேசிப் பயனில்லை. எல்லாம் கைதான். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டினால் நூல் அறுந்தது. பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. நெஞ்சில் கை வைத்து, தறியைக் காட்டி, வெளிப்பக்கம் வீசினால், ‘உன் தறியை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ.’ அந்தக் காலத்தில் கோகிலமும் எங்கள் ஷெட்டில்தான் தறி ஓட்டினாள். காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வருவாள். பல்லுக்குப் பஞ்சு வைக்கிற மாதிரி காதுக்கு வைக்கிறாளே என்று எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். அவளிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டதே ஜாடையில்தான். முதலில் டீ வேண்டுமா என்று கேட்கிறேன் என நினைத்து வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். அன்று எனக்கு இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்.

மே 19, ஞாயிறு

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். தாரணி டைரியை எடுத்து வந்து வைத்துவிட்டாள்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். நான், கோகிலம், தாரணி. அவளுடைய பெட்டிகளுக்குப் பதிலாகப் பின்னால் இரண்டு அரிசி மூட்டை. சேலம் வரை பழுதில்லை. அடிவாரத்தில் தேங்காய் உடைத்தோம். மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதியிருக்கும். முதல் நான்கு இரண்டாம் கியரில். ஐந்திலிருந்து முதல் கியர். ஏழில் தாரணி ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். எட்டில் ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். போட்டி சைக்கிள்தான், ஆனாலும் சைக்கிள்.

ஒன்பதாவது வளைவில் கார் நின்றுவிட்டது.

பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் கோடை விழாவுக்கு வந்த கூட்டம் மொத்தமும். நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு கல்யாணக் கூட்டம் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டது. மாப்பிள்ளையும் தள்ளினார்.

“பெட்ரோல் ஆவியாயிருச்சு” என்று எல்லாருக்கும் பொதுவாக அறிவித்தேன். கோகிலம் என் துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பில் சுற்றினாள். அரை மணி நேரம் பாறையில் உட்கார்ந்திருந்தோம். மலையில் என்ன ஓர் அமைதி! ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. அதைச் சொல்லலாம் என்று திரும்பினால் தாரணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருக்கிறாள். உயரத்துக்குப் போனால் சிலருக்குக் காது அடைக்கும்.

கார் கிளம்பியது. மேலே அல்ல, கீழே.

வீட்டுக்கு வந்ததும் கோகிலம் டாக்சிக்குச் சொல்லிவிட்டாள். “முப்பது தேதி வரைக்கும் டைம் இருக்குது” என்றேன். “இருக்கட்டுமுங்க. டாக்சியும் இருக்கட்டும்” என்றாள்.

மே 20, திங்கள்

இன்னொரு விஷயம் கண்டுபிடித்தேன். டேப்பட் திரும்ப ஊமையாகிவிட்டது. மலையில் சூடானதில் இறுகியிருக்க வேண்டும். இன்னும் கால் சுற்று தளர்த்தினேன். இப்போது பேசுகிறது.

மே 22, புதன்

பெட்ரோல் பம்பு மாற்றியாயிற்று. பலன் இல்லை.

மே 24, வெள்ளி

ஏர் ஃபில்டர், காயில், டெலிவரி டியூப். பலன் இல்லை. தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் ஏறவே கார் மூச்சு வாங்குகிறது. பத்து நாள்தான் பாக்கி.

தாரணியிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். டாக்சியில் போனால் ஒன்றும் குறைந்துவிடாது என்று எனக்கும் தெரியும். ஏ.சி. இருக்கும். ஆனால் அவளை ஐந்தாவது வகுப்பில் ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு இந்தக் காரில்தான் கொண்டுபோனேன். காலேஜுக்கும், பி.எட். பேட்டிக்கும் இதில்தான். எனக்கு அவளுடைய புத்தகத்தில் ஒரு வரி புரியாது. கொண்டுபோய் விடுவது ஒன்றுதான் என்னால் முடிந்த படிப்பு. கடைசிப் பரீட்சையை வேறொருவன் எழுதினால் எப்படி?

மே 26, ஞாயிறு

மாதேஷ் வந்தான்.

தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தியவன் அங்கேயே நின்றுவிட்டான். நான் காரை நின்ற இடத்திலேயே ஐடிலிங்கில் ஓட விட்டு வைத்திருந்தேன். நடந்து வந்து, பானெட்டைக்கூடத் தொடாமல், “யாருங்ணா டேப்பட் வெச்சது?” என்றான்.

“நாந்தான். எப்படி?”

அணைக்கச் சொன்னான். மூடியைக் கழற்றினான். பையிலிருந்து புத்தம்புதுக் கேஜை எடுத்து 0.30 தகட்டை இடைவெளியில் வைத்தான். தகடு சும்மா விழுந்தது, தபால் பெட்டியில் கார்டு போட்ட மாதிரி. இன்னொரு தகடு சேர்த்தான். விழுந்தது. இன்னொன்று. கடைசியில் கூட்டிப் பார்த்து, “எம்பத்தஞ்சு பாயிண்டு” என்றான். 0.30 இருக்க வேண்டிய இடத்தில் 0.85.

“வால்வு தொறக்கவே மாட்டீங்குதுங்ணா. கதவ ஒருக்களிச்சு வெச்சுட்டு உள்ள வா, உள்ள வான்னா எப்படி வரும்? மலை எப்படி ஏறும்?”

எட்டையும் கேஜ் வைத்துச் சரிசெய்தான். அரை மணி நேரம். ஸ்டார்ட் செய்தான். என்ஜின் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி மெத்தென்று ஓடியது. கையை வைத்துப் பார்த்தேன், நடுக்கமே இல்லை. ஆனால் டிக் டிக் இல்லை.

“மாதேசு, பேசலையே. டைட்டா வெச்சுட்ட போல.”

அவன் ஸ்பானரைத் துடைத்தான். துடைத்த ஸ்பானரையே திரும்பத் துடைத்தான். “பேசுதுங்ணா” என்றான் மெதுவாக. அவன் உதட்டைப் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது.

தாரணி என் பக்கத்தில் வந்து நின்றாள். “எனக்குக் கேக்குதுப்பா. நல்லா, சன்னமா கேக்குது.”

எதிர்வீட்டில் நல்லம்மாள் அக்கா ஜன்னலைத் திறந்து வைத்தார். மூன்று வாரமாக மூடி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெயில் அதிகம். இன்று இதோடு போதும்.

மே 27, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மே 28, செவ்வாய்

காலையில் அடுப்படியில் போய்க் குக்கருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். வெயிட் எழும்பியது. ஆவி பீச்சியது. அடங்கியது. மூன்று தடவை. புதுக் குக்கர் விசில் அடிப்பதில்லை என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு காரில் போய் உட்கார்ந்து இண்டிகேட்டரைப் போட்டேன். விளக்கு மின்னுகிறது. ரிலேயைத் தொட்டால் விரலில் துடிக்கிறது. புது ரிலே. பழையதையும் பூட்டிப் பார்த்தேன். அதுவும் துடித்தது.

கோகிலத்திடம் போய், “எத்தன நாளாத் தெரியும்?” என்று கேட்டேன்.

“எதுங்க?”

“எதுன்னு தெரியும்.”

நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த ராட்டையை நிறுத்தினாள். எனக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஆறு வருசமாச்சுங்க.”

“சொல்றதுக்கென்ன?”

“சொன்னனே. மொத வருசம் கத்திக் கத்திச் சொன்னேன். உனக்குத் தொண்டை கட்டியிருக்குது, கசாயம் குடின்னீங்க.”

சொன்னேன். ஞாபகம் இருக்கிறது. கஷாயம் நானே போட்டுக் கொடுத்தேன்.

“அப்பறந்தான் ஜாடைக்கு வந்துட்டேன். எனக்கும் தொண்டத் தண்ணி மிச்சம்” என்றாள். நான் பக்குவம் என்று எழுதி வைத்திருப்பது அதைத்தான். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

“பட்டறைல எந்தத் தறி நொண்டுதுன்னு இன்னும் சொல்றனே?”

“அது காலுல தெரியுதுங்க உங்களுக்கு. தரை அதுருதில்ல. செருப்பக் கழட்டிப்போட்டுட்டு நிக்கறீங்களே, கவனிச்சிருக்கீங்களா?”

கவனித்ததில்லை. முதலாளி இத்தனை வருஷமாகப் புகழ்ந்தது என் காலை.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்கு முழுதாகக் கேட்டது, அல்லது முழுதாகத் தெரிந்தது. எதுவோ ஒன்று.

மே 30, வியாழன்

கெடு நாள். தாரணி ஓட்டினாள், மாதேஷ் முன் சீட்டில். நான் பின்னால், இரண்டு அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மூன்றாவது மூட்டையாக.

ஒன்பதாவது வளைவு வந்தது, போனது. பத்து. பதினைந்து. இருபது. எங்கேயும் நிற்கவில்லை, முதல் கியருக்கு இரண்டே தடவைதான் இறங்கினாள். மேலே போய் டீ குடித்தோம். மாதேஷ், “அம்பத்திரண்டு குதிரையும் ஊட்டுக்குத் திரும்பி வந்திருச்சுங்ணா” என்றான். தெர்மோஸ்டாட்டும் ஒன்று வாங்கி வந்து பூட்டியிருந்தான். மலைக் குளிருக்கு வேண்டுமாம்.

வீட்டில் கோகிலத்திடம் ஒப்பந்தம் நிறைவேறியது என்றேன்.

“கார் பாசாயிருச்சுங்க. ஓட்டறவரு இன்னும் பாசாகல” என்றாள். சனிக்கிழமை சேலத்தில் காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாளாம்.

ஜூன் 1, சனி

கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காதில் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வெகுநேரம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். வெளியே கண்ணாடி வழியாகத் தாரணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது.

டாக்டரம்மா கோடு போட்ட தாளைக் காட்டினார். கோடு ஆரம்பத்தில் நன்றாக வந்து, அப்புறம் மலைப்பாதை மாதிரி இறங்குகிறது. தடித்த சத்தம் கேட்குமாம், சன்னமான சத்தம் போய்விட்டதாம். “தறியில இருந்தீங்களா?” என்று அவரே கேட்டார். வாரத்துக்கு மூன்று பேர் இதே கோட்டோடு வருகிறார்களாம். போனது வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், மெஷின் வைத்தால் பெரும்பாலும் கேட்கும் என்றார். மெஷின் வரப் பத்து நாள். அதுவரைக்கும் பட்டறைக்குப் போனால் காதில் அடைப்பு வைக்க வேண்டும். மெஷின் வந்த பிறகும்தான். கோகிலம் பையிலிருந்து பஞ்சை எடுத்து என் மடியில் வைத்தாள். முப்பது வருஷம் காத்திருந்து வைத்தாள்.

நான் கேட்டது ஒன்றுதான். “திங்கக்கெழம மலைல கார் ஓட்டலாங்களா?”

பக்கத்தில் காது கேட்கிறவர் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தால், கண்ணாடி பார்த்து, மெதுவாக ஓட்டுங்கள் என்றார். கோகிலம் அங்கேயே போன் எடுத்து டாக்சியை வேண்டாம் என்றாள்.

வீட்டுக்கு வந்து தாரணியிடம் டைரியைக் கொடுத்து, என் ஜாதகத்தையும் எழுதச் சொன்னேன். அவள் கையெழுத்து இது:

செங்கோட்டுவேலு. 1970 மாடல். ஒரே ஓனர். பாடி நல்ல நிலை. சன்னமான சத்தம் பிடிக்காது. சூடானால் சீக்கிரம் ஆறிவிடும். மலை ஏறும்.

ஜூன் 3, திங்கள்

ஏற்காட்டிலிருந்து இறங்கி, சேலம் பைபாஸில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான்தான் ஓட்டினேன். தாரணி முன் சீட்டில், கோகிலம் பின்னால் பெட்டிகளோடு. பின்னாலிருந்து ஹாரன் வந்தால் தாரணி என் தோளில் இரண்டு தட்டு தட்டுவாள், நான் ஓரம் கொடுப்பேன். அடிவாரம் தாண்டியதும் வளைவு வளைவாக ஏறினோம். ஏழு, எட்டு. ஒன்பதில் தேவையில்லாமலே முதல் கியருக்கு இறக்கினேன். கியர் பிடித்திருந்த இடது கையின்மேல் அவள் தன் ஆட்காட்டி விரலை வைத்தாள். மெதுவாக, சீராகத் தட்ட ஆரம்பித்தாள்.

“இதென்ன கண்ணு?”

என் பக்கம் முகத்தைத் திருப்பி, எனக்குத் தெரியும்படி சொன்னாள்: “டேப்பட்டுப்பா. இவ்வளவுதான் பேசுது.”

நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் விரல் வேகமாகத் தட்டியது. விட்டால் மெதுவாகியது. சன்னமாக, பதமாக. ஒன்பதைத் தாண்டியதை நான் கவனிக்கவே இல்லை. இருபதாவது வளைவு வரை அவள் விரலை எடுக்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்குப் பள்ளி வாசலில் இருந்தோம். பெட்டிகளை இறக்கினேன். கோகிலம் அழுதாள், பிறகு தலையணை உறை எடுத்து வைத்தாயா என்று கேட்டாள். நான் ரேடியேட்டரைப் பார்ப்பது போலப் பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் அதற்குள் தலையை விட்டு நின்றேன். தண்ணீர் சரியாக இருந்தது.

தாரணி பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். நீளமான வராந்தா. பாதி தூரத்தில் நின்று திரும்பினாள். கூப்பிட்டால் எட்டாத தூரம். கூப்பிட்டாலும் எனக்கு எட்டாது. அவளும் கூப்பிடவில்லை.

நெஞ்சில் கை வைத்தாள். பள்ளிக்கூடத்தைக் காட்டினாள். எங்கள் பக்கமாகக் கையை வீசினாள்.

இந்த ஜாடையை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இத்தனை வருஷமாக அவள் அம்மா எனக்குக் காட்டியதையெல்லாம் பார்த்துப் பழகியிருக்கிறாள். நான் பெருவிரலை வாய்க்குக் கொண்டுபோய், நேரத்துக்கு டீ குடி என்றேன். தூரத்திலேயே அவள் சிரித்தது தெரிந்தது.

‘நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ’ என்று ஒருவர் காட்டிவிட்டால் தறிக்காரன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அது பட்டறை மரியாதை. நான் இரண்டு தடவை பார்த்தேன்.

இறங்கும்போது கோகிலம் முன் சீட்டில் உட்கார்ந்தாள். மூன்று வளைவு தாண்டியதும் அவள் கையை நீட்டி, பள்ளி வாசலிலிருந்து எரிந்துகொண்டே வந்த இண்டிகேட்டரை அணைத்தாள்.